அஞ்சலை பேரில் ஒரு ரசீது

பினாங்கில் காலை வேளையில் யாரும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. "பசியாறிட்டீங்களா?" என்கிறார்கள். விமான நிலைய வாசலில் பரமேஸ்வரி அக்கா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி அதுதான். எங்கே ஆறியது? விமானத்தில் ஒரு காய்ந்த பன்னைக் கொடுத்து அதற்குத் தனியாகக் காசும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கடுப்போடுதான் இறங்கியிருந்தேன்.

"எங்கக்கா ஆறுச்சு, பசி அப்படியே இருக்கு."

"அப்ப மொதல்ல ரொட்டி சானாய். பேங்க் எங்கயும் ஓடிப்போவாதுலா," என்று என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். அறுபதைத் தாண்டியவர். நடையில் அது தெரியவில்லை.

பேங்க் ஓடாதுதான். ஆனால் பேங்க்கில் இருந்த அவருடைய சங்கத்துக் கணக்கு நின்றுபோய்ச் சில வாரங்கள் ஆகியிருந்தன. அதற்குக் காரணமே நாங்கள்.

நான் திருச்சியில் ஆடிட்டர். நான் கணக்குப் பார்க்கும் இடங்களில் ஒன்று, காது கேளாத பிள்ளைகளுக்கான விடுதி. பரமேஸ்வரி அக்கா பினாங்கில் சுங்கை பினாங் அடுக்குமாடிகளுக்கு நடுவே ஒரு சமையல்கூடம் நடத்தும் சங்கத்தின் பொருளாளர். எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளிகளுக்கும் கூடத் துணைக்கு வருகிறவர்களுக்கும் மதியச் சாப்பாடு போடுவதுதான் சங்கத்தின் வேலை. திருச்சிக்கு வந்திருந்தபோது எங்கள் விடுதியில் விறகுப் புகையில் சமையல்காரம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பதைப் பார்த்தார். மனசு கேட்கவில்லை. ஊருக்குப் போய்ச் சங்கத்தில் பேசி, நீராவி அடுப்புக்குப் பணம் அனுப்பிவிட்டார்.

பணம் கடல் தாண்டியதும் அவர்களுடைய பேங்க் விழித்துக்கொண்டது. கேள்வி கேட்டது. பதில் போதவில்லை என்று கணக்கை நிறுத்தியது. அனுப்பிய கடிதத்தில், பயங்கரவாதத்துக்குப் பணம் போகாமல் தடுக்கும் சட்டத்தின் பேர் இருந்தது. அன்றைக்கு அக்கா எனக்குப் போன் செய்து அழுத அழுகை இன்னும் காதில் இருக்கிறது. "சாம்பாருக்குப் பருப்பு வாங்கற காசு தம்பி. அதைப் போயி இப்படி எழுதிட்டாங்களே."

நான் போய் இறங்கிய வாரம் வெள்ளிக்கிழமைக்குள் ஒழுங்கான விளக்கம் வராவிட்டால் கணக்கை மூடிவிடுவார்கள். கணக்கு மூடினால் சமையல்கூடமும் மூடவேண்டியதுதான். எங்களுக்கு நல்லது செய்யப்போய் மாட்டிக்கொண்டவர்களை எப்படி விடுவது? விடுதி நிர்வாகம் என் கையில் ஒரு கோப்பைக் கொடுத்து அனுப்பியது. அடுப்பு வாங்கிய பில், அடுப்பின் படம், அடுப்புக்கு முன்னால் பிள்ளைகள் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற படம். பணம் எங்கே போனது என்று காட்டிவிட்டால் வேலை முடிந்தது, மீதி நாள் ஊர் சுற்றலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

ரொட்டி சானாய்க்காக அக்கா கூட்டிப்போனது சூலியா தெருவில் கமால் பாய் கடைக்கு. நம் ஊர்ப் புரோட்டாவின் தம்பி அது. அண்ணனைவிட மெல்லிசு, சாது. பருப்புக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டால் இன்னொன்று கேட்கச் சொல்லும். ஆனால் டீயில் கெட்டிப் பாலை ஊற்றித் தித்திப்பாகக் கொண்டுவந்து வைத்தபோது என் வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன பாய், டீ கேட்டா பாயசம் குடுக்கிறீங்க?"

கல்லாவில் இருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். எழுபது இருக்கும். வெள்ளைத் தாடி, முகத்தில் மருந்துக்குக்கூடச் சிரிப்பு இல்லை. கடையநல்லூரிலிருந்து மீசை முளைக்கிற வயதில் வந்து, இங்கேயே தங்கிவிட்டவர் என்று அக்கா சொல்லியிருந்தார்.

"திருச்சியா?" என்றார்.

"ஆமா."

"குடிச்சிட்டுப் பேசுங்க ஆடிட்டரே."

குடித்தேன். நன்றாகத்தான் இருந்தது. அதை அவரிடம் ஒப்புக்கொள்ள மனசு வரவில்லை. ஊருக்குக் கிளம்பும் வரை தினமும் அங்கேதான் போய் உட்கார்ந்தேன், தினமும் ஏதாவது குறை சொன்னேன். அவரும் தினமும் அதே முகத்தோடு அதே டீயை வைத்தார்.

அன்று மதியம் சமையல்கூடத்தைப் பார்த்தேன். மின்விசிறியில் பேர், குழல் விளக்கில் பேர், கரண்டிக் காம்பில் பேர். குழல் விளக்கில் எழுதியிருந்த 'உபயம்' பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டிருந்தது. கடல் தாண்டி வந்தாலும் நம் ஆள் நம் ஆள்தான் என்று சிரித்துக்கொண்டேன். பெரிய அண்டாவில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு சீன அம்மா தன் கணவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, "அக்கா, மெளகா கம்மி போடு, டாக்டர் ஏசறாரு," என்று உடைந்த தமிழில் சொல்லிவிட்டுத் தட்டை நீட்டினார். மளிகை இந்த வாரம் வரைக்கும்தான் தாங்கும் என்று அக்கா என் காதில் சொன்னார்.

மறுநாள் பேங்க். எங்களுக்கு ஒதுக்கப்பட்ட அதிகாரி நோரா என்ற மலாய்ப் பெண். ரோஜா நிறத் தலைத்துணி, மேஜையில் ஒரு குட்டிக் கள்ளிச்செடி. அரக்கியைச் சந்திக்கப் போகிறோம் என்று மனசுக்குள் தயாராகி வந்திருந்த எனக்கு ஏமாற்றம். என் கோப்பை வாங்கி ஒவ்வொரு தாளாகப் பார்த்தார். பிள்ளைகள் படத்தில் நின்றார்.

"இந்தக் கடைசிப் பையன் கையில் என்ன?"

"வடை," என்றேன். "புது அடுப்பில் முதல் பலகாரம்."

சிரித்தார். அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தேன். கோப்பை மூடி வைத்துவிட்டு ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னார். "பணம் எங்கே போனது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை, சார். அது எங்கிருந்து வந்தது என்பதுதான் புரியவில்லை. நன்கொடையாளர்களின் ஐசி, அதாவது அடையாள அட்டை நகல் கேட்டிருந்தோம். உங்கள் பொருளாளர் கொடுத்தார். சரிபார்த்தோம்." இன்னொரு கட்டைத் திறந்தார். "இவர் இறந்துவிட்டார். இவரும் இறந்துவிட்டார். இந்த அம்மாள் இறந்து பல வருஷம் ஆகிறது, ஆனால் வருஷா வருஷம் நன்கொடை கொடுக்கிறார்."

நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இறந்தவர்கள் பேரில் பணம் வருகிறது என்றால் அது எங்கள் தொழிலில் பாலபாடம். பொய்ப் பேரில் பணத்தை உள்ளே விடுகிறவன் முதலில் செய்கிற வேலை அதுதான். அக்கா பக்கம் திரும்பினேன்.

"என்னக்கா இது?"

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார், எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்பது போல. "செத்தவங்கதான்லா. அவங்க நெனவு நாளுக்குத்தானே அன்னதானம் குடுக்கறாங்க? ரசீது யாரு பேர்லன்னு கேப்பேன், அப்பா பேர்ல போடுங்கம்பாங்க. போட்டேன்."

"அப்ப அந்த ஐசி?"

"ரசீதுல அப்பா பேருதானே இருக்கு? அப்ப அப்பா ஐசியைத்தானே குடுக்கணும்? வீட்டுல பத்திரமா வச்சிருந்தவங்கள்ட்ட கேட்டு வாங்கிக் குடுத்தேன். ஒன்னுகூடப் பொய் இல்லை."

அட, கடவுளே! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஏனென்றால் அக்கா செய்ததில் தமிழர் யாருக்கும் தப்பே தெரியாது. திதி நாளில் கோயிலிலோ விடுதியிலோ போய்ச் சாப்பாட்டுக்குக் கட்டுகிறோம். யார் பேரில் என்று கேட்டால் நம் பேரைச் சொல்ல நமக்கே கூச்சம். கொடுப்பது நாமாக இருந்தாலும் சோறு போடுவது செத்துப்போன அம்மாதான் என்று ஒரு எண்ணம். எங்கள் விடுதியிலும் இதே கதைதான். வெளிநாட்டுப் பணம் எங்கள் நாட்டில் டெல்லியில் ஒரு குறிப்பிட்ட பேங்க் கிளையில்தான் வந்து இறங்கவேண்டும், கொடுத்தவர் யாரென்று எழுதியாகவேண்டும். அதனால் வெளிநாட்டுக்காரர்களிடம் மட்டும் நான் காவல்காரன் மாதிரி நின்று உண்மையான பேரை வாங்கிவிடுவேன். உள்ளூர்க்காரர்களிடம் எத்தனை தடவை கத்தியும் நடக்கவில்லை.

இதையெல்லாம் நோராவுக்கு விளக்கினேன். அவர் கவனமாகக் கேட்டார், எழுதிக்கொண்டார். "நான் நம்புகிறேன்," என்றார். "ஆனால் நான் நம்புவது போதாது. அனாதைப் பிள்ளைகளுக்கு என்று சொல்லிப் பணம் சேர்த்த ஒரு குழுவின் கோப்பை ஒருமுறை படித்திருக்கிறேன். கொடுத்தவர்கள் எல்லாரும் நல்லவர்கள். பணம் போன இடம் அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் படித்த பிறகு ஒரு வாரம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. அதனால்தான் கேட்கிறேன். உயிரோடு இருக்கிற ஆள் ஒவ்வொருவரும், 'இன்னார் நினைவாக நான் கொடுத்தேன்' என்று கையெழுத்துப் போட்டு, தன் ஐசி நகலோடு தரட்டும். வெள்ளிக்கிழமை காலை வரை காத்திருக்கிறேன்."

நியாயமாகத்தான் பேசினார். எரிச்சல்பட ஆளில்லாமல் போனதுதான் எனக்கு எரிச்சல்.

அடுத்த நாள் முழுக்க அக்காவின் பழைய காடியில் கையெழுத்து வேட்டை. காடி என்றால் இங்கே கார். ஏசி இல்லை, ஒரு பக்கக் கண்ணாடி இறங்காது. பக்கத்து அடுக்குமாடிகளில் மளமளவென்று முடிந்தது. கடல் பாலம் தாண்டி நிபோங் திபால் என்ற ஊருக்கும் போகவேண்டியிருந்தது. பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோப்பு இரண்டு பக்கமும் வரிசை கட்டி நிற்க, நடுவில் எங்கள் காடி புகையைக் கக்கிக்கொண்டு நின்றுவிட்டது. சூடு தாங்கவில்லை, காடிக்கும் எனக்கும்.

ஒரு மலாய்க்காரர் மோட்டோ பைக்கை நிறுத்தினார். ரேடியேட்டர் மூடியைத் தொடாதே என்று கையால் காட்டிவிட்டு எங்கோ போய், பெரிய தகரத்தில் தண்ணீரோடு வந்தார். அதோடு இரண்டு பிளாஸ்டிக் பையில் ஐஸ் போட்ட சாத்துக்குடித் தண்ணி. காசு கொடுக்கப்போனேன். அவர் அக்காவிடம் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"தண்ணி காடிக்கு, ஜூஸ் ஒங்க கூட்டாளிக்கு, மொகத்தப் பாத்தா மயக்கம் போட்டுருவாரு போலன்னு சொல்றாரு."

அவர் பேரைக் கேட்டு வைக்கவில்லை என்று பிறகுதான் தோன்றியது. பேர் வாங்கத்தான் ஊர் ஊராகச் சுற்றிக்கொண்டிருந்தோம்.

நிபோங் திபாலில் ஒரு வீட்டில் அண்ணனும் தங்கையும். அப்பா பேரில் கொடுத்ததற்கு அண்ணன் கையெழுத்துப் போட்டதும் தங்கை அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்துவிட்டார்.

"பாதி நான்தானே குடுத்தேன்? இவரு மட்டும் எப்படிப் போடலாம்?"

"ஏ, யாரு போட்டா என்னலா? அப்பாவுக்குத் தெரியாதா?"

"அப்பாவுக்குத் தெரியும்ணே. பேங்க்குக்குத் தெரிய வேணாமா?"

இரண்டு பேரையும் போடச் சொன்னேன். போட்டுவிட்டு, சண்டையை மறந்து, எங்களை உட்காரவைத்து மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். என்ன குழம்பு! புளியும் மிளகாயும் நம்முடையது, அதில் கிடந்த இஞ்சிப்பூ இவர்களுடையது. அந்த ருசிக்காகவே இன்னும் நாலு பேர் கையெழுத்து பாக்கி இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

சாயங்காலம் சமையல்கூடத்துக்குத் திரும்பி வந்து தாள்களை அடுக்கினேன். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. அஞ்சலை. வருஷா வருஷம் ஒரே தேதியில், எல்லாவற்றையும்விடப் பெரிய தொகை, ரொக்கமாக. நோரா குறிப்பாகச் சொன்ன அம்மாள் இவர்தான்.

"இதுக்கு யாருக்கா வாரிசு?"

"யாருமில்லை. புள்ள குட்டி கெடையாது. எங்க புளோக்லதான் இருந்தாங்க, ஐசியைக்கூட நான்தான் எடுத்து வச்சிருந்தேன். வீட்டுல அப்பம் சுட்டு வித்தாங்க. தங்கமானவங்க."

"அப்ப யார் குடுக்கறது?"

அக்கா பாத்திரத்தைத் தேய்ப்பது போல் திரும்பிக்கொண்டார். "சொல்ல மாட்டேன்."

"தெரியுமா, தெரியாதா?"

"தெரியும். சொல்ல மாட்டேன். அவரு வாய்விட்டுக் கேட்டுக்கிட்டாரு. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

எனக்கு வந்ததே கோபம்! "அக்கா, வெளையாடறீங்களா? எல்லாத்தையும் குடுத்துட்டு இதை மட்டும் மறைச்சா, அந்தப் பொண்ணு என்னன்னு நெனைக்கும்? இத்தனை பேரு சோத்துக்கு என்ன பதில்?"

அக்கா அழவில்லை. அதுதான் என்னை இன்னும் சங்கடப்படுத்தியது. "மூட வேண்டி வந்தா மூடறேன் தம்பி. பொறவு எங்க வீட்டு அடுப்புல எத்தனை பேருக்கு முடியுமோ அத்தனை பேருக்கு ஆக்கறேன். என் வாயால சொல்ல மாட்டேன்," என்றார்.

கதவைச் சாத்திவிட்டு நேரே கமால் பாய் கடைக்குப் போனேன். இந்த ஊரில் எனக்குத் திட்டித் தீர்க்க வேறு யார் இருக்கிறார்கள்? நாசி கண்டார், அதாவது குழம்புச் சோறு, கேட்டேன். "எல்லாக் கொழம்பையும் கலந்து ஊத்தவா?" என்றார். ஊத்துங்க என்றேன். கோழிக் குழம்பு, மீன் குழம்பு, பருப்பு என்று தட்டில் வெள்ளமே வந்தது. நம் ஊரில் இப்படி ஊற்றினால் அடிதடி நடக்கும். பிசைந்துகொண்டே பொரிந்து தள்ளினேன்.

"எவனோ ஒரு மகாராசன், பாய். அஞ்சலைன்னு செத்துப்போன ஒரு அம்மா பேர்ல வருஷா வருஷம் கத்தையா நோட்டக் குடுத்துட்டு ஒளிஞ்சிக்கிறான். வெளிய வந்து நான்தான்னு ஒரு வார்த்தை சொன்னா கணக்கு தொறந்துடும். மாட்டேங்கிறான். நாளன்னிக்குக் காலைல அவ்வளவுதான், சமையல்கூடத்துக்குப் பூட்டு. இதெல்லாம் ஒரு தருமமா? நீங்களே சொல்லுங்க."

பாய் கண்ணாடி டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

"வெள்ளிக்கெழம எத்தனை மணிக்கு?" என்றார் கடைசியில்.

"பேங்க் தொறந்ததும்."

அவ்வளவுதான் பேச்சு. அன்றைக்கு டீ கேட்காமலே வந்தது. கெட்டிப் பால் போடாமல், நான் கேட்கிற மாதிரி. அப்போதே எனக்கு விளங்கியிருக்கவேண்டும். விளங்கவில்லை. நான் தட்டிலிருந்த வெள்ளத்தில் மும்முரமாக இருந்தேன்.

வியாழக்கிழமை மழை. அக்கா சமையல்கூடத்தில் பேசாமல் காய் நறுக்கினார். நான் ஒன்றுக்கும் உதவாமல் வாழைப்பழம் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தேன். சக்கர நாற்காலி சீன அம்மா அன்றும் வந்தார். திங்கட்கிழமை என்ன சமையல் என்று அக்காவிடம் கேட்டார். அக்கா, "கத்திரிக்கா," என்றார்.

வெள்ளிக்கிழமை பேங்க் வாசலில் எங்களுக்கு முன்பே கமால் பாய் நின்றுகொண்டிருந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, தொப்பி, கையில் ஐசி. அக்கா அவரைப் பார்த்ததும், "அண்ணே, நான் சொல்லலைண்ணே!" என்று பதறினார்.

"தெரியும் தங்கச்சி. இவருதான் ஊருக்கே சொல்றாரே," என்று என்னைக் காட்டினார்.

எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. அவர் கடையில் உட்கார்ந்து, அவர் சோற்றைத் தின்றுகொண்டு, அவரையே அவன் இவன் என்று வைதிருக்கிறேன்!

நோராவிடம் பாய் மலாயில் பேசினார். அக்கா என் காதருகே தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். வந்த புதிதில் ஒரு கடையில் தட்டுக் கழுவும் வேலை. காய்ச்சல் கண்டு எழுந்திருக்க முடியாமல் போனதும் முதலாளி வெளியே அனுப்பிவிட்டார். படிக்கட்டில் கிடந்தவரை அஞ்சலை வீட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டு, உடம்பு தேறும் வரைக்கும் கஞ்சி ஊற்றினார். அடுக்குமாடியில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். அஞ்சலை காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அவருக்கென்று திதி கொடுக்க ஒருவரும் கிடையாது. அதனால் அவர் போன நாளில் நாலு பேர் சாப்பிடட்டும் என்று பாய் கொடுக்கிறார்.

"ஏன் பேரை மறைத்தீர்கள்?" என்று நோரா கேட்டார்.

பாய் கையிலிருந்த ஐசியை மேஜையில் வைத்தார். அவர் பதிலை அக்கா அப்படியே தமிழில் சொன்னார். "எங்க மார்க்கத்துல யாருக்கும் தெரியாம குடுக்கறதுக்குத்தான் மதிப்பு ஜாஸ்தி. அது ஒன்னு. இன்னொன்னு, அந்தக் கடுதாசி வந்த சேதி தெரிஞ்சதும் பயந்துட்டேன்மா. என் பேரு, ரொக்கப் பணம், பயங்கரவாதங்கிற வார்த்தை. மூணும் ஒரே காகிதத்துல வந்தா என்ன ஆகும்? என் மகன் வெளிநாட்டுல வேலை பாக்கறான். அவனுக்கு ஏதாவது ஆயிட்டா?"

நோரா கள்ளிச்செடியை ஒரு பக்கம் நகர்த்திவைத்தார். அவரும் தலைத்துணி போட்ட பெண். அந்தப் பயம் என்னவென்று எனக்கு விளங்கியதைவிட அவருக்கு நன்றாக விளங்கியிருக்கும்.

"பாக் சிக்," என்றார். பெரியப்பா என்பது போன்ற மரியாதை. "பேர் இல்லாத பணத்தைத்தான் நான் தேடுகிறேன். உங்கள் பேர் வந்துவிட்டால் நான் தேடுவதை நிறுத்திவிடுவேன். இந்தத் தாள் உங்களை மாட்டிவிடுகிற தாள் இல்லை, விடுவிக்கிற தாள்."

தாளில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு என்று நோரா கேட்டார். பாய் அந்தக் கட்டத்தைக் குனிந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை போல.

"அக்கான்னுதான் கூப்பிட்டேன்," என்றார்.

நோரா அதையே எழுதினார். பாய் கையெழுத்துப் போட்டார். பேனாவை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பித் தமிழில், "இவ்வளவு காலம் அல்லாவுக்கு மட்டும் தெரிஞ்சுது. இப்ப பேங்க்குக்கும் தெரியும்," என்றார். சிரிப்பது போலச் சொன்னார். சிரிப்பு வரவில்லை. சட்டம் சரி, நோரா சரி, நானும் சரி. ஆனால் அந்த மனுஷரிடமிருந்து எதையோ பிடுங்கிக்கொண்டோம் என்று எனக்குத் தெரிந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஜும்ஆ தொழுகைக்கு முன்பே கணக்கு திறந்துவிட்டது. வாசலில் அக்கா வந்த அழுகையை வேண்டியமட்டும் அழுதார். இனிமேல் ரசீதில் இரண்டு வரி என்று நோரா சொல்லியனுப்பினார். கொடுத்தவர் பேர் ஒரு வரி, யார் நினைவாக என்பது ஒரு வரி. இத்தனை வருஷம் திருச்சியில் தொண்டை கிழியக் கத்திய எனக்கு இது தோன்றவே இல்லை. ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக எங்கள் விடுதியிலும் அப்படியே மாற்றினேன். கொடுக்கிறவர்கள் இப்போது முகம் சுளிக்காமல் இரண்டையும் சொல்கிறார்கள்.

கிளம்புகிற நாள் திங்கட்கிழமை. அஞ்சலையின் நினைவு நாளும் அன்றுதான் என்று அக்கா சொன்னார். கமால் பாய் பணத்தோடு வருவார், புது ரசீதின் முதல் தாள் அவருக்குத்தான் என்று எடுத்து வைத்துக் காத்திருந்தார். சாப்பாட்டு நேரம் முடிந்தது. சீன அம்மாவின் கணவர் கத்திரிக்காயை இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டார். பாய் வரவில்லை.

கை கழுவப் பின்பக்கம் போனேன். அங்கே தண்ணீர்க் குழாயடியில் ஒருவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, குந்தி உட்கார்ந்து, சாம்பார் அண்டாவைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அண்டாவுக்குள் தலை முழுக்க இருந்தது. வெளியே எடுத்தபோது தாடியெல்லாம் சோப்பு நுரை. சொந்தக் கடையில் தட்டுக் கழுவ ஆள் வைத்திருக்கிற முதலாளி.

"பாய்!" என்றேன்.

அவர் பதறவில்லை. அண்டாவைத் திருப்பி, வேறு யாரோ ஒருவரின் உபயம் என்று பொறித்திருந்த இடத்தை நாரால் பளபளவென்று தேய்த்தார்.

"ஆடிட்டரே, இதுக்கும் ரசீது உண்டா?"

"இல்லை பாய். இதுக்குச் சட்டமே கிடையாது."

"அப்ப சரி," என்றார். முதல் தடவையாகச் சிரித்தார். ஒரு பல் இல்லை. "நீங்க பாக்கலை. நான் வரலை. சரியா?"

சரி என்றேன். கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு இன்னொரு நார் எடுத்து, மறுபக்கம் உட்கார்ந்து தேய்த்தேன். விமானத்துக்கு நேரமாகிறது என்று அக்கா முன்பக்கத்திலிருந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றியிருக்கிறேன். அவர் பேர் கமால் இல்லை. கடையும் சூலியா தெருவில் இல்லை.